68 மதிப்பெண் எதற்குக் கிடைத்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஜப்பானிய ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடும்) வீடியோ விளையாட்டுகளுக்குக் கிடைத்த வரவேற்பைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை குறித்து இதை எழுதுகிறேன். விமர்சகர்களின் மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் 2010இல் 68 வாங்கிய ‘நியர்’, 2021இல் மறுஆக்கமாக வந்தபோது 80ஐத் தாண்டியது என்று கட்டுரை சொல்கிறது. அதுவரை சரி. அடுத்த வரியிலேயே, அன்று விமர்சகர்களுக்குப் புரியவில்லை, ரசிகர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று தீர்ப்பெழுதிவிடுகிறது. இது ரசிகர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் கதை. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் விளையாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சரிபார்த்தால் நிற்காது. 2010இல் சுட்டிக்காட்டிய குறைகளில் பாதிக்கு மேல் உண்மையானவை. அவற்றில் சிலவற்றை 2021 பதிப்பு சரிசெய்தது, சிலவற்றைத் தொடவே இல்லை. எது எது என்று பிரித்துச் சொல்லாமல் இரண்டு எண்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வாசகருக்கு ஒன்றும் கிடைக்காது.

முதலில் 68. கட்டுரை அதைத் தேர்வில் தவறிய மாணவனின் மதிப்பெண்ணைப் போலப் பேசுகிறது. மெட்டாக்ரிட்டிக் வெறும் சராசரி போடுவதில்லை. ஒவ்வொரு விமர்சன ஏட்டுக்கும் ஒரு எடை கொடுத்து, எடைபோட்ட சராசரியைக் காட்டுகிறது. அந்த எடைகளை அது வெளியிடுவதும் இல்லை. வண்ணத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. திரைப்படத்துக்கு 61 வந்தாலே பச்சைக் கட்டம் கிடைக்கும், விளையாட்டுக்கு 75 வேண்டும். அதே 68 ஒரு படத்துக்கு வந்திருந்தால் ‘பெரும்பாலும் நல்ல விமர்சனம்’ என்று எழுதியிருப்பார்கள். விளையாட்டு என்பதால் மஞ்சள், அதாவது ‘கலவையான வரவேற்பு’. விளையாட்டு விமர்சனத்தில் எண்கள் மேல் பாதியிலேயே நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதுதான் காரணம். பழுதில்லாமல் ஓடும் ஒரு சாதாரண விளையாட்டே 70ஐத் தொட்டுவிடும்.

இன்னொன்று. 68 என்பது பிளேஸ்டேஷன் 3 பதிப்பின் எண், எக்ஸ்பாக்ஸ் 360 பதிப்புக்கு 67. இந்த ஒரு புள்ளி பெரிதில்லை. எந்தப் பதிப்பு என்பது பெரிது. ஜப்பானில் அந்த ஏப்ரலில் இரண்டு விளையாட்டுகள் வந்தன. எக்ஸ்பாக்ஸில் வந்த ‘கெஷ்டால்ட்’டில் நாயகன் நோயுற்ற மகளைக் காப்பாற்ற அலையும் நடுவயதுத் தந்தை. பிளேஸ்டேஷனில் வந்த ‘ரெப்ளிகன்ட்’டில் அதே கதை, நாயகன் தங்கைக்காக அலையும் இளைஞன். ஜப்பானுக்கு வெளியே இரண்டு கருவிகளிலும் தந்தை மட்டுமே விற்பனைக்கு வந்தார். ஆக, 68 போட்ட மேற்கத்திய விமர்சகர்கள் பார்த்தது தந்தையை. 2021 மறுஆக்கத்தின் நாயகன் அண்ணன். கட்டுரை ஒப்பிடும் இரண்டு எண்களும் ஒரே நாயகனைப் பற்றியவைகூட இல்லை. தந்தை வடிவமே உருக்கமானது என்று இன்றும் அடித்துச் சொல்லும் ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அவர்கள் பக்கம்தான் சாய்வு.

இனி 2010இன் புகார்கள். காட்சித்தரம் பழையது என்றார்கள். உண்மை. காவியா நிறுவனம் செய்த விளையாட்டு அது, இயக்கியவர் யோகோ டாரோ. வெற்றுப் புல்வெளி, மங்கலான தரைப்பூச்சு, அசையாத முகங்கள். போதாக்குறைக்கு, இதை வெளியிட்ட அதே ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் ஏழு வாரங்களுக்கு முன்புதான், மார்ச் 9 அன்று, ‘ஃபைனல் ஃபேண்டஸி 13’ஐ மேற்கில் வெளியிட்டிருந்தது. கண்ணைப் பறிக்கும் அந்த விளையாட்டை முடித்த கையோடு இதை எடுத்தவருக்கு எப்படி இருந்திருக்கும்? அந்த 13ஆம் பாகத்துக்கு மெட்டாக்ரிட்டிக்கில் 83. அதன் கதை நேர்மாறாகத் திரும்பியது: போர்முறை, இசை, காட்சி என்று எல்லோரும் புகழ்ந்தார்கள், ஆனால் பதினோராம் அத்தியாயத்தில் கிரான் பல்ஸ் சமவெளி வரும்வரை நடைபாதை போல ஒரே நேர்கோட்டில் நடக்கவைக்கிறது என்ற குறையை ஆட்டக்காரர்கள் விடவே இல்லை. மொத்த அத்தியாயங்களே 13. திறந்தவெளி கையில் கிடைக்கும்போது ஏறத்தாழ இருபது மணி நேரம் கடந்திருக்கும். ஒரே ஆண்டில், ஒரே வெளியீட்டாளரிடமிருந்து வந்த இரண்டும் நேரெதிர் திசையில் நகர்ந்தன. ‘விமர்சகர்களுக்கு எப்போதும் தாமதமாகத்தான் புரியும்’ என்ற விதி 13ஆம் பாகத்தில் எங்கே போயிற்று?

முக்கியக் கதைக்கு வெளியே வரும் பக்கப்பணிகள் சலிப்பூட்டுகின்றன என்றார்கள். இதுவும் உண்மை, 2021லும் மாறாத உண்மை. ஊர்க்காரர் ஒருவர் பத்துப் பொருள் கேட்பார். எங்கோ போய்ப் பொறுக்கிவந்து கொடுத்தால் கொஞ்சம் தங்கம் தருவார். கூடவே வரும் பேசும் புத்தகமான கிரிம்வார் வைஸே, நமக்கு வேறு வேலை இல்லையா என்று கேலி செய்யும். கேலி செய்துவிட்டால் சலிப்பு குறைந்துவிடுமா? ஆயுதங்களை மேம்படுத்தும் பொருள்களைச் சேர்ப்பது இதைவிட மோசம். ஜங்க் ஹீப் என்ற இடத்தின் எதிரி இயந்திரங்களிடமிருந்து விழும் ‘மெமரி அலாய்’ என்ற உலோகத்துக்காக, ஒரே தளத்துக்குத் திரும்பத் திரும்ப இறங்கி ஏறி மணிக்கணக்கில் இழந்தவர்கள் ஏராளம். விழும் வாய்ப்பு அவ்வளவு குறைவு. இதற்கு ஒரு வழி விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் வாய்திறந்து சொல்லாது. எதிரிகளை வீழ்த்தும்போது கிடைக்கும் ‘சொற்களை’ ஆயுதத்திலும் மந்திரத்திலும் பொருத்தலாம். தாக்கும் வலிமையைக் கூட்டும் சொற்களையே எல்லோரும் மாட்டிவைப்பார்கள். பொருள் விழும் வாய்ப்பைக் கூட்டும் சொற்களும் உண்டு. சேகரிக்கப் போகும்போது அவற்றை மாட்டிக்கொண்டு போனால் அலைச்சல் கணிசமாகக் குறையும். எல்லா ஆயுதத்தையும் கடைசி நிலைவரை மேம்படுத்தினால்தான் கதையின் முடிவுகள் திறக்கும் என்று கட்டுரை எழுதியிருப்பது தவறு. ஆயுதம் கையில் இருந்தால் போதும். இந்தத் தவறான தகவலை நம்பி மெமரி அலாய் தேடப் போகிறவர் பாதியில் வெறுத்துப்போய் விளையாட்டையே அழித்துவிடுவார்.

மீன்பிடிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த ஒரு காட்சி சில விமர்சனங்களின் தலையெழுத்தையே மாற்றியது. ஸீஃப்ரண்ட் என்ற கடற்கரை ஊரில், கதை நகர வேண்டுமானால் மீன் பிடித்தே ஆக வேண்டிய ஒரு கட்டம் வருகிறது. அங்கேயே மாட்டிக்கொண்டு, மேலே போகாமல் நிறுத்திவிட்டதாக வெளிப்படையாக எழுதிய விமர்சகரும் உண்டு. ரசிகர்கள் அவரைப் பல வருடம் கிண்டல் செய்தார்கள். ஆனால் விளையாட்டு சொல்லிக்கொடுத்தது போதவில்லை என்பதும் உண்மைதானே. தவறு நடப்பது மூன்று இடங்களில். மிதவை லேசாகத் துள்ளும்போதே பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். அது மீன் உரசிப் பார்ப்பது மட்டுமே, மிதவை முழுதாக அமிழும்வரை பொறுக்க வேண்டும். அடுத்து, மீன் ஓடும் பக்கத்துக்கே ஸ்டிக்கைச் சாய்க்கிறார்கள். எதிர்ப்பக்கம் சாய்த்தால்தான் மீனின் பலப்பட்டை இறங்கும். மீன் திசை மாற்றும்போதெல்லாம் உடனே மாற்ற வேண்டும். மூன்றாவது, வரைபடக் குறியைச் சரியாகப் பார்க்காமல் வேறு கரையில் தூண்டில் போடுகிறார்கள். தொடக்கத் திறனுக்கு மீறிய மீன் அங்கே மாட்டினால் எவ்வளவு இழுத்தாலும் பட்டை அசையாது. ஆட்டக்காரர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்து அதே இடத்தில் பத்து முறை முயல்வார். பிடிக்கும் திறனை உயர்த்த பத்துக் கட்டங்கள் கொண்ட தனிப் பக்கப்பணி இருக்கிறது. கதைக்கு அது தேவையில்லை.

இத்தனை குறைகள் இருந்தும் அன்றே பல விமர்சனங்கள் இசையையும் பாத்திரங்களையும் மனதாரப் பாராட்டின. இதைக் கட்டுரை சொல்லாமல் விட்டது சரியில்லை. கெய்ச்சி ஒகாபே தலைமையில் அமைந்த இசையும், எந்த நாட்டு மொழியும் இல்லாத கற்பனை மொழியில் எமி எவன்ஸ் பாடிய பாட்டுகளும் 2010லேயே தனித்துப் பேசப்பட்டவை. ஓர் இடத்தில் மேலிருந்து பார்க்கும் சுடும் விளையாட்டு, ஓர் இடத்தில் பக்கவாட்டுத் தாவல், ஒரு மாளிகைக்குள் போனதும் கறுப்பு வெள்ளை, ஒரு காட்டுக் கிராமத்தில் திரை முழுக்க எழுத்து மட்டும் என்று வடிவம் மாறிக்கொண்டே இருப்பதையும் கவனித்து எழுதினார்கள். சிலருக்கு அது பிடித்தது, சிலருக்குச் சிதறலாகப் பட்டது. மொத்தத்தில் 68 என்ற எண், எல்லோரும் 68 கொடுத்ததால் வந்ததில்லை. தூக்கி வைத்தவரும் போட்டு உடைத்தவரும் சேர்ந்த இடம் அது.

அப்படியானால் விமர்சகர்கள் தவறவிட்டதே இல்லையா? ஒன்று உண்டு, பெரியது. அதற்கு விளையாட்டின் அமைப்பே காரணம். வெளியீட்டுத் தேதிக்குச் சில நாள் முன்பு பிரதி கைக்கு வரும், அன்றைக்கே விமர்சனம் போக வேண்டும். கடைசிப் பெயர்ப்பட்டியல் ஓடியதும் முடிந்தது என்று எழுத உட்காருவது இயல்பு. நியரின் கதைக்கு ஏ, பி, சி, டி என்று பல முடிவுகள் உண்டு, முதல் பெயர்ப்பட்டியல் ஏ முடிவு மட்டுமே. அதன் பிறகு சேவ் செய்து தொடர்ந்தால், கதையின் நடுவே ஐந்தாண்டு கடந்து தொடங்கும் இரண்டாம் பாதியிலிருந்து ஆட்டம் மீண்டும் எழும். அதே இடங்கள், அதே பெரிய எதிரிகள். ஒரே ஒரு மாற்றம்: அதுவரை உறுமலாக மட்டும் கேட்ட நிழல் எதிரிகளின் பேச்சு இப்போது புரியும். இடையிடையே புதுக் காட்சிகள் வரும். முதல் சுற்றில் வீரமாகச் செய்தவை எல்லாம் இரண்டாம் சுற்றில் வேறொன்றாகத் தெரியும். இந்த விளையாட்டைக் கொண்டாடுபவர் பேசுவது பெரும்பாலும் இதைப் பற்றித்தான். ஏ முடிவோடு நிறுத்தியவர் எழுதிய விமர்சனமும் பி முடிவைக் கண்டவர் எழுதிய விமர்சனமும் ஒரே பெயர் கொண்ட இரண்டு வேறு விளையாட்டுகளைப் பற்றியவை.

வெளியீட்டாளருக்கும் இது உறைத்திருக்க வேண்டும். 2017இல் வந்த ‘நியர்: ஆட்டோமேட்டா’வில் முதல் முடிவு வந்ததும், ஸ்கொயர் எனிக்ஸின் விளம்பரப் பிரிவு எழுதியதாக ஒரு செய்தி திரையில் தோன்றும்: இன்னும் பார்க்க வேண்டியது இருக்கிறது, தொடர்ந்து ஆடுங்கள் என்பது அதன் சாரம். கதைக்கு நடுவே விளம்பரப் பிரிவு குறுக்கே வருவது கொஞ்சம் வேடிக்கைதான். பலன் இருந்தது. பிளேஸ்டேஷன் 4 பதிப்பு 88ஐத் தொட்டது. அங்கேயும் இரண்டாம் சுற்றில், 9எஸ் என்ற துணைப்பாத்திரத்தின் கண் வழியாக அதே நிகழ்ச்சிகள் திரும்ப வருவது இழுவை என்ற குறையைப் பலர் எழுதத்தான் செய்தார்கள். ஆனால் அதைத் தாண்டி மூன்றாம் சுற்றுக்குப் போய்விட்டு எழுதினார்கள்.

ஆட்டோமேட்டாவைப் பற்றிக் கட்டுரையில் ஒரு பிழை. தொடக்கக் காட்சியில் இறந்தால் அரை மணி நேரம் வீண் என்பதை நிரல் கோளாறு என்று எழுதியிருக்கிறீர்கள். அது வேண்டுமென்றே வைத்தது. அந்த விளையாட்டில் தானாகச் சேமிக்கும் வசதி கிடையாது. முன்னுரைப் பகுதி முழுவதிலும் சேமிக்கும் இடமும் கிடையாது. அங்கே இறப்பதையே டபிள்யூ என்ற ஒரு முடிவாகப் பெயரிட்டு எண்ணிக்கையில் சேர்த்திருக்கிறார்கள், மொத்த முடிவுகள் 26. கஷ்டமான நிலையில் எதிரியைக் குறிவைத்துப் பூட்டும் வசதியும் இல்லை, அடியும் பலமாக விழும். புதிதாகத் தொடங்குபவர் முன்னுரையைச் சாதாரண நிலையிலோ எளிய நிலையிலோ முடித்துவிட்டுப் பிறகு உயர்த்திக்கொள்ளலாம். நிலையை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், தண்டனை எதுவும் இல்லை. கோளாறு என்று எழுதுவதற்குப் பதில் இந்த இரண்டு வரியை எழுதியிருந்தால் பலருடைய முதல் மாலை வீணாகாது.

2021 மறுஆக்கத்துக்கு வருவோம். செய்தவர்கள் டாய்லாஜிக். ஆட்டோமேட்டாவின் போர்முறையை வடிவமைத்த பிளாட்டினம் கேம்ஸின் டகாஹிசா டௌரா சண்டைப் பகுதிக்கு உதவினார். கையில் எடுத்த ஐந்து நிமிடத்தில் அது தெரியும். வாள்வீச்சுக்கு நடுவே மந்திரத்தை ஏவலாம், ஓடிக்கொண்டே ஏவலாம், விலகுவது உடனுக்குடன் நடக்கும். வசனங்கள் முழுக்கக் குரலில் வருகின்றன. படம் நொடிக்கு 60 பிரேம்களில் ஓடுகிறது. எளிய நிலையில் தானாகச் சண்டையிடும் வசதியும் உண்டு. முன்பு காசுக்கு விற்ற கூடுதல் உள்ளடக்கம் உள்ளேயே சேர்ந்துவிட்டது. தந்தை நாயகன் அதில் தலைகாட்டுகிறார். ஸீஃப்ரண்டில் உடைந்த கப்பலைச் சுற்றி ஒரு புது அத்தியாயமும் சேர்ந்தது. மதிப்பெண் ஏறியதற்கு இவை நேரடிக் காரணம். தொடாமல் விட்டது பக்கப்பணிகளை, ஒரே இடங்களுக்குத் திரும்பத் திரும்ப அனுப்புவதை, மூன்றாம் சுற்றில் புதுக் காட்சிகள் அரிதாக இருப்பதை. 2021இன் விமர்சனங்களும் இவற்றை அதே சொற்களில் குறை சொல்கின்றன. பதினொரு ஆண்டில் விமர்சகர்களுக்கு ஞானம் பிறந்துவிட்டது என்று சொல்ல இடமில்லை. புகார்ப் பட்டியலில் பாதி தீர்ந்தது, மீதிப் பாதிக்கு முன்கூட்டியே தயாராக வந்தார்கள். ஆட்டோமேட்டா ஆடியவர்களுக்கு இரண்டாம் சுற்று என்ற ஒன்று இருக்கும் என்று தெரியும்.

இந்த விளையாட்டை நியாயமாக எடைபோட நினைக்கும் வாசகருக்குக் கட்டுரை ஒரு வழியும் சொல்லவில்லை, எனவே சுருக்கமாக. முதல் சுற்றில் பக்கப்பணிகளை ஏறக்குறைய முழுவதும் ஒதுக்கிவிடலாம். முதல் பாதியில் முடிக்காதவை, ஐந்தாண்டு கடந்ததும் கிடைக்காமல் போகும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். ஆயுதம் பரிசாக வருபவற்றையும் பாத்திரங்களின் கதையைச் சொல்பவற்றையும் செய்தால் போதும். வீட்டுத் தோட்டத்தில் பயிர் வளர்வது கருவியின் உண்மையான கடிகாரப்படி. இன்று விதைத்து நாளை வந்து பார்க்க வேண்டும், மறந்துவிட்டால் வாடிவிடும். கருவியின் தேதியை முன்னே தள்ளி ஏமாற்றுவோர் உண்டு. அந்த ஏமாற்று வேலையை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஏ முடிந்ததும் சேவ் செய்து அதையே தொடருங்கள், புது ஆட்டம் தொடங்கினால் பி வராது. சி, டி முடிவுகளுக்கு எல்லா ஆயுதமும் வேண்டும், மறுஆக்கத்தில் அவை 33. பி முடிந்த பிறகு கடைசிக் கோட்டைக்குள் நுழைவதற்கு முன்பே அவை கையில் இருக்க வேண்டும். உள்ளே போய்விட்டால் திரும்பி வந்து கடையில் வாங்க முடியாது. 32 ஆயுதத்தோடு உள்ளே போனவர் மறுபடியும் பி முடிவையே பார்ப்பார், அரை ஆட்டம் போயிற்று. கடையில் வாங்க வேண்டியவை விலை கூடியவை. காசு தீர்ந்து நிற்பதுதான் பொதுவான சிக்கல், அதனால் தேவைக்கு மீறிச் சேர்ந்த பொருள்களை அவ்வப்போது விற்றுவிட வேண்டும்.

சியும் டியும் ஒரே இடத்தில் பிரியும் இரண்டு தேர்வுகள். அதற்கு முன்பு ஒரு சேவ் வைத்துக்கொண்டு முதலில் சி, பிறகு டி. வரிசையை மாற்றக்கூடாது, ஏனென்றால் டி முடிவு ஆட்டக்காரரின் சேமிப்புகளை அழித்துவிடும். மிரட்டல் இல்லை, கண்ணெதிரே அழிக்கும். மறுஆக்கத்தில் இதற்குப் பின்னும் இ என்ற ஒரு முடிவு சேர்ந்திருக்கிறது. டிக்குப் பிறகு புது ஆட்டம் தொடங்கி, வேறு பெயர் கொடுத்து, முதல் பாதியில் கைனே என்ற துணைப்பாத்திரத்துடன் சேர்ந்து மோதும் பெரிய எதிரிவரை போக வேண்டும். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து விளையாட்டை மூடியவர்கள் நிறைய. மேலே என்ன நடக்கிறது என்று சொன்னால் ஸ்பாய்லர். சேமிப்புக்குத் தனி நகல் எடுத்து வைக்க மெனக்கெட வேண்டாம் என்று மட்டும் சொல்கிறேன்.

இனி ஆட்டக்காரர் மதிப்பெண்கள். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் 85 சதவீதம் என்பதை 100க்கு 85 என்று கட்டுரை மாற்றி எழுதியிருக்கிறது. அங்கே மதிப்பெண்ணே கிடையாது. பரிந்துரைக்கிறீர்களா இல்லையா என்ற ஒரே கேள்வி, கட்டைவிரல் மேலே அல்லது கீழே. 85 சதவீதம் என்றால் நூறில் 85 பேர் மேலே காட்டினார்கள். அத்தனை பேரும் ‘பரவாயில்லை’ என்று நினைத்தாலும் அது 100 சதவீதமாகிவிடும். அந்த 15 பேர் எதற்குக் கீழே காட்டினார்கள் என்பதையும் படிக்க வேண்டும். ஆட்டோமேட்டாவின் கணினிப் பதிப்பு 2017 மார்ச்சில் வந்தபோது, முழுத்திரையில் ஓடவிட்டால் குறைந்த துல்லியத்தில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் கோளாறு இருந்தது. படம் மங்கலாகத் தெரிந்தது. ரசிகர் ஒருவர் எழுதிய திருத்தத்தை நிறுவித்தான் நான்கு ஆண்டுகள் ஆடினார்கள். 2021 மார்ச்சில் மைக்ரோசாஃப்டின் கடையில் மேம்பட்ட கணினிப் பதிப்பு வந்ததும், பழையதைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் ஸ்டீமில் எதிர்மறைக் கருத்துகளைக் குவித்தார்கள். அந்த வாரம் சரிந்த சதவீதத்துக்கும் கதைக்கும் இசைக்கும் சம்பந்தமே இல்லை, அது பழுதுபார்க்கச் சொன்ன மனு. மனு பலித்தது, 2021 ஜூலை 15 அன்று ஸ்டீமுக்கும் பேட்ச் (திருத்தம்) வந்தது. ரெப்ளிகன்ட் மறுஆக்கமும் கணினியில் வந்தபோது நொடிக்கு 60க்கு மேல் பிரேம்கள் ஓடும் திரைகளில் ஆட்டமே வேகமெடுத்துவிடும் குறையோடு வந்தது. 60இல் கட்டிவைத்தால் சரி. இது தெரியாமல், சண்டை கட்டுக்கடங்காமல் ஓடுகிறது என்று எழுதிய ஆட்டக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது.

மெட்டாக்ரிட்டிக்கின் பயனர் எண் இதைவிடத் தள்ளாடும். விளையாடி முடிக்க வழியே இல்லாத முதல் நாளில் சுழியமும் பத்தும் மழையாகப் பொழிவதைத் தடுக்க, 2020 ஜூலை முதல் வெளியான 36 மணி நேரத்துக்குப் பயனர் கருத்தை அது ஏற்பதில்லை. நியரைப் போன்ற விளையாட்டுக்கு 36 மணி நேரம் போதாது. விமர்சகர் எண்ணோ நேரெதிர், அசையவே அசையாது. முதலில் வெளியிட்ட மதிப்பெண்ணையே அத்தளம் வைத்துக்கொள்ளும், பிறகு விமர்சகர் மனம் மாறினாலும் மாற்றாது. ‘ஃபைனல் ஃபேண்டஸி 15’இன் பதின்மூன்றாம் அத்தியாயத்தை எல்லோரும் திட்டினார்கள். 2017 மார்ச்சில் அதற்கு மாற்றுப் பாதையே போட்டுக் கொடுத்தார்கள். அதன் 81 அப்படியே இருக்கிறது. 14ஆம் பாகத்துக்கு 2010இல் 49 விழுந்தது. அதை அடியோடு இடித்துக் கட்டி 2013இல் ‘எ ரெல்ம் ரீபார்ன்’ என்று புதுப் பெயரில் வெளியிட்டதால்தான் 83 என்ற புது எண் கிடைத்தது. பெயர் மாறாமல் பேட்சாகவே வந்திருந்தால் இன்றும் 49தான்.

ஃபாமிட்சு என்ற ஜப்பானிய விளையாட்டு இதழின் எண்ணையும் கட்டுரை சதவீதமாக்கி, 40க்கு 39 என்றால் 97.5 என்கிறது. நான்கு பேர் ஆளுக்குப் பத்துக்குப் போடும் கூட்டுத்தொகை அது. ஆட்டோமேட்டாவுக்கும் 39, ஃபைனல் ஃபேண்டஸி 13க்கும் அதே 39. மெட்டாக்ரிட்டிக்கில் முன்னதற்கு 88, பின்னதற்கு 83. ஓர் அளவுகோலில் சமமாக நிற்கும் இரண்டை மற்றது பிரித்துக் காட்டும்போது, ஒன்றை மற்றொன்றாக மாற்றும் வாய்ப்பாடு எங்கிருந்து வரும்? அந்த வரியை நீக்கியிருக்கலாம்.

இனி இத்தகைய கட்டுரை வெளியிடும்போது எந்தக் கருவியில், எந்தப் பதிப்பில், எந்த நிலையில், எத்தனை மணி நேரம், எந்த முடிவுவரை ஆடி எழுதியது என்று அடியில் ஒரு வரி சேர்த்தால் போதும். எண்ணை அச்சிட்டே ஆக வேண்டுமென்றால், பக்கத்தில் தேதியையும் அச்சிடுங்கள்.

கடைசியாக ஒரு அச்சுப்பிழை. மறுஆக்கத்தின் பெயரில் வரும் 1.22474487139 என்ற எண்ணை ‘1.22ஆம் பாகம்’ என்று சுருக்கி, அதற்கு முன்பு 21 பாகங்கள் வந்தனபோல எழுதியிருக்கிறீர்கள். அது 1.5இன் வர்க்கமூலம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்